பினாங்குத் தீவைச் சுற்றிப் பார்க்க: எதை, எந்த நேரத்தில், எந்த வழியில்

வரைபடத்தில் மலேசியாவின் பினாங்குத் தீவு கைக்கு அடக்கமாகத் தெரியும். பரப்பு 300 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தீவைச் சுற்றி வரும் சாலை சுமார் 70 கிலோமீட்டர். இதைப் பார்த்துவிட்டு, காலையில் ஜார்ஜ்டவுன் சுவரோவியம், மதியம் கெக் லோக் சி கோயில், மாலையில் பாலிக் பூலாவ் தோட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்குபவர்கள் ஏராளம். அப்படிப் போட்டால் பாதி நாள் காருக்குள்ளேயே கழிந்துவிடும். தீவின் நடுவே வடக்குத் தெற்காக மலை நிற்கிறது. கிழக்கே ஜார்ஜ்டவுன் நகரம், மேற்கே வயலும் பழத்தோட்டமும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக மலைச்சாலையில் வளைந்து ஏறி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கரையோரமாகச் சுற்ற வேண்டும்.

ஆகவே மூன்று நாள் ஒதுக்குங்கள்: நகரத்துக்கு ஒன்று, மலையடிவாரக் கோயில்களுக்கு ஒன்று, மேற்குப் பக்கத்துக்கு ஒன்று. இரண்டே நாள்தான் என்றால் நடு நாளை விடுங்கள். மேற்கை விட்டுவிடாதீர்கள். நகரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர் தீவின் பாதியைப் பார்க்கவே இல்லை.

முதலில் கடிகாரத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். மலேசிய நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. ஆனால் பினாங்கு அந்த நேரமண்டலத்தின் மேற்கு ஓரத்தில் கிடப்பதால் அங்கே சூரியன் எழுவதே ஏழு மணிக்கு மேல்தான். உச்சிவெயில் பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்றேகால் வாக்கில். இருட்டுவது ஏழரைக்கு. காலை ஆறு மணிக்கே கேமராவுடன் தெருவில் இறங்கினால் கும்மிருட்டு. "நான்கு மணி ஆயிற்று, வெயில் தாழ்ந்திருக்கும்" என்று நடக்கக் கிளம்பினாலும் தலை காயும். நடக்க வேண்டியதை ஏழரையிலிருந்து பதினொன்றரைக்குள்ளும், மாலை ஐந்துக்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர்வது

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வருபவர்கள் பட்டர்வொர்த்தில் இறங்கி, நிலையத்தை ஒட்டிய படகுத்துறையிலேயே ஃபெர்ரி ஏறலாம். கால் மணி நேரத்தில் ஜார்ஜ்டவுன் துறை வந்துவிடும். பழைய ஃபெர்ரிகள்போல இப்போதுள்ளவை கார்களை ஏற்றுவதில்லை. நடந்து வருபவருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்தான் இடம். காரில் வருபவர்களுக்கு இரண்டு பாலங்கள். 1985-ல் திறந்த பழைய பாலம் நகரத்துக்கு நெருக்கம். 2014-ல் திறந்த புதிய பாலம் தெற்கே பத்து மௌங்கில் கொண்டுவிடும். மேற்குப் பக்கம் தங்குபவர்களுக்கு அதுதான் வசதி.

மலேசியாவுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்டிஏசி என்ற மின்வருகைப் படிவத்தை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் அரசினுடையது அல்ல.

நகரத்துக்குள் காரே வேண்டாம். தெருக்கள் குறுகல், பெரும்பாலும் ஒருவழி. நிறுத்தக் கட்டணமும் கைப்பேசிச் செயலி வழியாகத்தான் கட்ட வேண்டும். நடையும், கைப்பேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டியும் போதும். ரேபிட் பினாங்கு பேருந்தில் காசு கொடுத்து ஏறினால் சில்லறையைச் சரியாக வைத்திருங்கள், ஓட்டுநர் மீதி தரமாட்டார். மேற்குப் பக்கம் போகும் நாளுக்கு மட்டும் கார் எடுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் சொந்த நாட்டு உரிமத்தையும் இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். வண்டி இடப்பக்கம்தான் ஓடும். ஹாரன் அடிப்பதை அங்கே வசவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

நகர நாள்: சுவர்களும் தெருக்கோயில்களும்

ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தன. சுவர்கள் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகு. இரண்டு வரிசைகளைத் தனித்தனியாக அடையாளம் தெரிந்துகொண்டு போனால் தேடுவது எளிது.

ஒன்று, லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸக்காரேவிச் 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காகத் தீட்டியவை. சுவரில் ஓவியம், அதோடு நிஜப் பொருள் ஒன்று. ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள், பக்கத்துத் தெருவான ஆ குவீயில் பழைய மோட்டார் சைக்கிளில் பையன், கேனன் ஸ்திரீட்டில் நாற்காலிமேல் ஏறிக் கை நீட்டும் சிறுவன். சைக்கிளும் வண்டியும் நாற்காலியும் உண்மையானவை. முந்திரி ஸ்திரீட்டில் இரண்டு சன்னல் முகப்புகளில் கை ஊன்றித் தொங்கும் நீலச் சட்டைச் சிறுமியும் இதே வரிசைதான். அது பெரிய ஓவியம். எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பார்த்தால்தான் முழுதாகக் கண்ணில் விழும்.

இன்னொன்று, கறுப்பு இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள். மொத்தம் 52. அந்தந்தத் தெருவில் என்ன தொழில் நடந்தது, என்ன சண்டை நடந்தது என்பதைச் சொல்பவை. காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தில் ஒன்று, 1867 கலவரத்தின்போது பீரங்கிக் குண்டு துளைத்ததைச் சொல்லி கேனன் ஸ்திரீட்டில் ஒன்று. கூட்டம் வண்ண ஓவியத்தின் முன் வரிசையில் நிற்கும், இவற்றின் கீழே யாரும் நிற்கமாட்டார்கள். தெருவின் வரலாறு வேண்டுமென்றால் கம்பிச் சித்திரங்களைத்தான் நின்று படிக்க வேண்டும். சாய்ந்த வெயிலில் கம்பியின் நிழல் சுவரில் விழுந்து கோடு இரட்டிக்கும். உச்சிவெயிலில் அந்த அழகு கிடைக்காது.

பழைய பட்டியலை நம்பித் தேடினால் ஏமாற்றம்தான். சில படங்கள் இப்போது இல்லை, சில வெளிறிவிட்டன. கடைவீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மழையீரம் தரையிலிருந்து மேலே ஏறும். அது காயும்போது உப்பு வெளியே பூத்து வண்ணத்தை உரித்துத் தள்ளும். கைபடும் இடங்களில் தேய்மானம் வேறு. இப்போது என்ன இருக்கிறது என்பதை மாநிலச் சுற்றுலா அலுவலகங்களில் கிடைக்கும் வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டு புறப்படுங்கள். சைக்கிளின்மேல் ஏறி உட்காராதீர்கள், சுவரில் சாயாதீர்கள். பின்னால் நின்று தள்ளுவதுபோல் பாவனை செய்தாலே படம் நன்றாக வரும்.

நடை இப்படி இருக்கட்டும். ஏழரைக்கு ஆர்மீனியன் ஸ்திரீட்டில் தொடங்குங்கள். ஒன்பதரை தாண்டிவிட்டால் சைக்கிள் ஓவியத்தின் முன் வரிசை நிற்கும், வார இறுதியில் இன்னும் மோசம். பிறகு ஆ குவீ, கேனன் ஸ்திரீட். ஒன்பது மணிக்கு கூ கொங்சி குலமண்டபம் திறக்கும். கல்லிலும் மரத்திலும் அப்படியொரு செதுக்கு வேலையை அவசரமாகப் பார்க்கக் கூடாது, முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். அங்கிருந்து வடக்கே நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவராக இருந்த காதர் முகைதீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைவரை அந்தப் பக்கமே போக வேண்டாம். சூலியா ஸ்திரீட்டில் நாகூர் தர்காவும் கூப்பிடு தூரம்தான்.

அடுத்து குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில். 1833-ல் கட்டியது, பினாங்கின் பழைய இந்துக் கோயில். நம்மூர்போலவே நடுப்பகலில் நடை சாத்துவார்கள், எனவே பதினொன்றரைக்கு முன் போய்விடுங்கள். இந்தக் கோயிலைப் பிற்பகலுக்கு வைத்துக்கொண்டு பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புபவர்கள் பலர். அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் சீனர்களின் குவான் யின் கோயில், அதைத் தாண்டி 1818-ல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். நான்கு சமயமும் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கியிருக்கும் இந்த வழியை வடக்கிலிருந்து தெற்காகத்தான் பெரும்பாலோர் நடப்பார்கள். ஓவியமும் பார்க்க வேண்டுமென்றால் தெற்கிலிருந்து வடக்காகப் போவதே சரி.

அஞ்சடி எனப்படும் கடைமுன் நடைபாதையில் நடந்தால் வெயிலும் மழையும் படாது. ஆனால் தரை கடைக்குக் கடை உயரம் மாறும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் இடறும்.

மாலை ஐந்தரைக்கு மேல் வெல்ட் கீயில் உள்ள சியூ படகுத்துறை. கடலில் கால் ஊன்றிய மரவீடுகள். அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. வாசலுக்குள் எட்டிப் பார்ப்பதும் காயப்போட்ட துணியைப் படமெடுப்பதும் கூடாது. இரவில் பலகைப்பாதையில் சத்தமாக நடக்காதீர்கள்.

மலையடிவார நாள்

பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலையை முதலில் முடியுங்கள். ரயில் காலை ஆறரை வாக்கிலேயே ஓடத் தொடங்கிவிடும். 1923-ல் ஓடத் தொடங்கிய கயிற்றிழுவை ரயில் அது, 2011-ல் வண்டிகளை மாற்றினார்கள். மேலிருந்து தெரிவது கிழக்கு: ஜார்ஜ்டவுன், நீரிணை, அக்கரை. சூரியன் எதிரில் எழும். பத்து மணிக்கு மேல் வந்தால் கீழ் நிலையத்தில் வரிசை நீளும், விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்க நேரும். பிற்பகலில் மேகம் வந்து காட்சியை மூடுவதும் வழக்கம். உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. கீழே இருப்பதைவிட ஐந்து பாகைவரை குளிரும், மெல்லிய சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காகச் சில நாள் ரயிலை நிறுத்துவார்கள். அதன் அறிவிப்பை முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

இறங்கியதும் இரண்டு கிலோமீட்டருக்குள் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி. குன்றின் சரிவில் அடுக்கடுக்காக ஏறும் பௌத்தக் கோயில் வளாகம். கட்டட வேலை 1890-களில் தொடங்கியது. ஏழு நிலைக் கோபுரம் 1930-ல் முடிந்தது. அதை ஒரு நிமிடம் நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடிப்பகுதி எண்கோணச் சீனக் கட்டு, நடுப்பகுதி தாய்லாந்து, முடி பர்மியம். கோபுரத்துக்கும் மேலே, குன்றுச் சரிவில் 30.2 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலை. சந்தைப் பக்கமிருந்து ஏறினால் கடைகளுக்கு நடுவே படி, ஆமைக்குளம், பிறகு கோயில். முழங்கால் வலி உள்ளவர்கள் காரில் மேல் நிறுத்துமிடத்துக்கே போய், சிலைக்குச் செல்லும் சாய்வு லிஃப்டில் ஏறிப் பார்த்துவிட்டு நடந்து இறங்கலாம். கோபுரத்துக்கும் லிஃப்டுக்கும் சிறு கட்டணம் தனி, சில்லறை ரிங்கிட் வைத்திருங்கள். சீனப் புத்தாண்டையொட்டிச் சுமார் ஒரு மாதம் வளாகம் முழுக்க விளக்கேற்றுவார்கள். அப்போது மட்டும் பகல் திட்டத்தை மாற்றி இரவில் போக வேண்டும்.

நடுப்பகலுக்கு ஏற்றவை பூலாவ் தீக்குஸ் பகுதியின் தாய்லாந்து, பர்மியக் கோயில்கள். இரண்டும் லோரோங் பர்மாவில் எதிரெதிரே. ஒன்றில் 33 மீட்டர் நீளப் பள்ளிகொண்ட புத்தர், மற்றதில் நின்ற கோலப் புத்தர். நிழலும் மின்விசிறியும் உண்டு. ஒரு மணி நேரம் போதும்.

மாலை ஐந்துக்குத் தண்ணீர்மலை. பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். இப்போதுள்ள மலைக்கோயிலின் குடமுழுக்கு 2012-ல் நடந்தது. சாதாரண நடையில் இருபதிலிருந்து முப்பது நிமிடம். வெறுங்காலோடு ஏறும் நேர்த்திக்கடன் உள்ளவர்கள் பகலில் ஏறினால் கால் பொரியும். மாலையில் ஏறினால் தீபாராதனையும் கிடைக்கும், நகரத்தில் விளக்கு எரிவதும் தெரியும். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வையுங்கள். பக்கத்துத் தாவரப் பூங்காவின் குரங்குகளுக்கு நெகிழிப்பை என்றால் தீனி.

தைப்பூசத்தையொட்டிய நாள்களில் இந்தப் பட்டியல் எதுவும் செல்லாது. நகரத்தார் வெள்ளி ரதமும் 2017 முதல் தங்க ரதமும் தண்ணீர்மலைச் சாலைவரை வரும், வழியெங்கும் தேங்காய் உடையும், சாலைகள் மூடியிருக்கும். அந்த நாள்களில் தீவில் இருந்தால் அதை மட்டுமே பாருங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

மேற்கு நாள்

இதில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவதே நல்லது. அதாவது ஜார்ஜ்டவுன், பத்து பெரிங்கி, தெலுக் பாஹாங், பாலிக் பூலாவ், தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ், மீண்டும் நகரம். காரணம் இரண்டு. காலையில் கடற்கரைச் சாலை காலியாக இருக்கும், மாலையில் அது நெரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை ஐந்திலிருந்து ஏழுவரை அடைத்துக்கொள்ளும். சூரியன் மறைந்தபின் அங்கே போய்ச் சேர்ந்தால் நெரிசல் கரைந்திருக்கும்.

எட்டுக்குப் புறப்பட்டு ஒன்பதுக்கு தெலுக் பாஹாங்குக்கு முன்னால் உள்ள டிராப்பிக்கல் ஸ்பைஸ் கார்டன். கைவிட்ட ரப்பர் தோட்டத்தில் வளர்த்த வாசனைச் செடித் தோட்டம். கிராம்பு, பட்டை, சாதிக்காய், மிளகு ஆகியவற்றைப் புட்டியில் மட்டும் பார்த்தவர்களுக்கு மரமாக, கொடியாகப் பார்ப்பது தனி அனுபவம். கொசு அதிகம், கைகால் மூடிய உடை அவசியம். முதல் சுற்று வழிகாட்டியோடு போங்கள். இலையைக் கசக்கி முகரச் சொல்பவர் இல்லாவிட்டால் எல்லாம் பச்சையாகவே தெரியும். பேருந்தில் வருபவர்கள் 101-ஆம் எண்ணில் வந்து, ஓட்டுநரிடம் சொல்லி வாசலிலேயே இறங்கலாம்.

தெலுக் பாஹாங் வட்டச்சாலையைத் தாண்டினால் அணை, பிறகு மலைவளைவு. வளைவுகள் இறுக்கமானவை. மழைக்குப் பின் இலை நனைந்து வழுக்கும். வார இறுதிக் காலைகளில் சைக்கிள்காரர்கள் கூட்டமாக வருவார்கள். வாந்தி வரும் பழக்கம் உள்ளவர் முன்னிருக்கையில் உட்காரட்டும். வழியில் டிராப்பிக்கல் ஃபுரூட் ஃபார்ம் பழத்தோட்டம். சுற்றிக்காட்டி, முடிவில் வெட்டிய பழம் தருவார்கள். ரம்புத்தானும் மங்குஸ்தீனும் ஜூன் முதல் ஆகஸ்டுவரைதான் நன்றாகக் கிடைக்கும். மற்ற மாதங்களில் கொய்யா, பப்பாளி, விளிம்பிப்பழம் போன்றவற்றையே எதிர்பாருங்கள். இதே பகுதியில் தீத்தி கெராவாங் அருவியையொட்டிச் சாலையோரப் பழக்கடைகள்.

தேசியப் பூங்காவின் நுழைவாயிலும் தெலுக் பாஹாங்கில்தான். ஆனால் காட்டுநடைக்கு அரை நாள் வேண்டும். இந்தச் சுற்றில் அதைச் செருகினால் இரண்டும் கெடும்.

டுரியான் காலத்தில் வந்திருந்தால், அதாவது மே கடைசியிலிருந்து ஆகஸ்டுவரை, நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். பினாங்கில் பழத்தைப் பறிப்பதில்லை, தானாக விழ விடுவார்கள். இரவிலும் விடியலிலும் விழும். விழுந்த சில மணி நேரத்துக்குள் சாப்பிடுவதற்காகத்தான் ஆட்கள் மலையேறி வருகிறார்கள். தோட்டக்காரர் சொல்லாமல் மரத்தடியில் நிற்காதீர்கள், முள்ளோடு இரண்டு கிலோ தலையில் விழும். வாங்கும்போது கிலோ விலையை முதலில் கேளுங்கள், பிறகு தராசில் வைத்து மொத்த விலையைக் கேளுங்கள், அதன் பிறகே வெட்டச் சொல்லுங்கள். எடை தோலையும் கொட்டையையும் சேர்த்தது, சுளை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தேறும். காம்பு ஈரமாக இருந்தால் புதிது. மெல்லக் குலுக்கினால் உள்ளே லேசாக அசைய வேண்டும். வெட்டியதும் சுளை நீர்கோத்துச் சொதசொதவென்றிருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுபவருக்குத்தான் இது நடக்கும், பொட்டலம் கட்டி எடுத்துப் போனவருக்கு நடக்காது. ஆங் ஹே எனப்படும் சிவப்பு இறால் வகை இனிப்பு. ஹோர் லோர், குன் போ போன்ற உள்ளூர் வகைகளில் கசப்பு கலந்திருக்கும். இனிப்பில் தொடங்கிக் கசப்பில் முடியுங்கள். மாற்றிச் செய்தால் இனிப்பு வகை சப்பென்றாகிவிடும். சர்க்கரை நோயுள்ளவர் ஒரு சுளையோடு நிறுத்தட்டும். மதுவோடு சேர்க்கவே கூடாது.

பன்னிரண்டரைக்குப் பாலிக் பூலாவ் ஊர். குழம்பு ஊற்றிய நூடுல்ஸான லக்சா சாப்பாட்டு நேரம். சைவர்கள் கவனிக்க: அசாம் லக்சாவின் குழம்பே மீனில் கொதித்தது, மேலே ஊற்றும் கறுப்புக் குழைவு இறால். ரோஜாக் எனும் பழக் கலவையிலும் அதே இறால் குழைவு உண்டு. "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் மீனும் இல்லை என்று பொருள் அல்ல. மீன், இறால் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். ஊரின் சுவர்களில் ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா தீட்டிய பெரிய முகங்கள் உள்ளன. இங்கே வரிசையும் கிடையாது, தள்ளுமுள்ளும் கிடையாது.

சாதிக்காய்ப் பட்டறையில் அரை மணி நேரம் நில்லுங்கள். பழம் வெடித்ததும் கறுத்த கொட்டையைச் சுற்றிச் சிவப்புச் சல்லடையாகத் தெரிவதுதான் சாதிபத்திரி. காய்ந்தபின் அது பழுப்பாகும். சதையை உப்பிலும் சர்க்கரையிலும் ஊறப்போட்டு விற்பார்கள், சாறும் கிடைக்கும். சமையலுக்கு வாங்குபவர்கள் ஓட்டோடு வாங்குங்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடக்க வேண்டும், அப்போதுதான் நன்றாகக் காய்ந்தது. ஓடு உடைத்ததைவிட மணம் நெடுநாள் நிற்கும்.

குழந்தைகள் வந்திருந்தால் சானென் ஆட்டுப்பண்ணை. இல்லையென்றால் விட்டுவிடலாம்.

நான்கரைக்கு மேல் வயல்வெளி. சுங்கை பூரோங் பக்கம் நிலம் தட்டை, வாடகைச் சைக்கிளுக்கு ஏற்றது. நாற்று நட்ட சமயம் நீரில் மலை நிழலாடும், கதிர் முற்றினால் மஞ்சள். அறுவடை முடிந்திருந்தால் வெறும் தாள்தான், அப்போது நேரே கடற்கரைக்குப் போங்கள். படத்துக்காக வரப்பில் கூட்டமாக ஏறாதீர்கள், ஒரு வரப்பு உடைந்தால் இரண்டு வயலின் நீர்க்கட்டு போகும். ஏழேகாலுக்குத் தெற்கு மூலையில் கெர்த்தாக் சங்குல் மீனவக் கரை. சூரியன் கடலில் இறங்குவதைக் கிழக்கு நகரத்திலிருந்து பார்க்க முடியாது, இங்கே பார்க்கலாம்.

கார் இல்லாதவர்கள் 101-ல் தெலுக் பாஹாங், அங்கிருந்து 501-ல் பாலிக் பூலாவ், திரும்ப 401E-ல் ஜார்ஜ்டவுனின் கொம்தார் என்று சுற்றலாம். 501 எப்போதாவதுதான் வரும். அதன் நேரத்தைப் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். இரண்டு தோட்டத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

மழையும் மிச்சமும்

சனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். பெருமழை இரண்டு நாள் தொடர்ந்தால் மேற்கு மலைச்சாலைகளில் மண்சரிவு ஏற்படும், சாலையை மூடுவார்கள். அப்போது தெற்குக் கரை வழியாக மட்டும் பாலிக் பூலாவ் போய்வாருங்கள்.

பாயான் லெப்பாஸில் உள்ள பாம்புக்கோயில் விமான நிலையத்துக்கு அருகில். இதற்கென்று தனியாக வராமல், விமானம் ஏறும் நாளில் வழியில் பார்ப்பது நல்லது. கிளைகளில் அசையாமல் கிடக்கும் வாக்லர் குழிவிரியன் நஞ்சுள்ளது. இரவில் இரை தேடும் இனமாதலால் பகலில் அப்படிக் கிடக்கிறது, பழகிவிட்டது என்று எண்ணித் தொடாதீர்கள். அதே நாளில் பெட்டியையும் சரிபாருங்கள். காய்ந்த சாதிக்காயும் பத்திரியும் காற்றுப் புகாத பையில் இருக்கட்டும். டுரியானை விடுதி அறைக்குள்ளும் விமானத்துக்குள்ளும் விடமாட்டார்கள். மீந்திருந்தால் விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.